என்95: அந்த 95 எங்கேர்ந்து வந்துச்சு?

2020-ல கொரோனா வந்தப்புறம் என்95 மாஸ்க் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனா அதோட பூர்வீகம் ஆஸ்பத்திரி இல்லை மக்களே, அமெரிக்கச் சுரங்கங்கள்.

1930-31ல் மேற்கு வர்ஜீனியாவில் ஹாக்ஸ் நெஸ்ட் என்ற இடத்தில், நீர்மின் நிலையத்துக்காக மலையைக் குடைஞ்சு சுமார் 3 மைலுக்குச் சுரங்கப்பாதை போட்டாங்க. பாறை பூரா சிலிக்கா. உள்ளே இறங்கியவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத் தொழிலாளிகள், முகமூடி கிடையாது. நுரையீரல் கல்லாகிச் செத்தவர்கள் 476 பேர்னு 1936-ல் நாடாளுமன்ற விசாரணையில் சொன்னாங்க. மருத்துவர் மார்ட்டின் செர்னியாக் பின்னாளில் ஆராய்ந்து போட்ட கணக்கு 764.

அந்தக் காலகட்டத்தில்தான், 1934-ல், அமெரிக்கச் சுரங்கத்துறை தூசி முகமூடிக்குன்னு சோதனை விதி கொண்டு வந்துச்சு. 1972-ல் அதைத் திருத்தி எழுதினாங்க. அந்தச் சோதனை எப்படின்னா, சிலிக்காத் தூசி பறக்கும் பெட்டிக்குள்ளே முகமூடியை வெச்சு, நிமிஷத்துக்கு 32 லிட்டர் காற்றை 90 நிமிஷம் இழுப்பாங்க. காற்றில் கன மீட்டருக்கு 50-60 மில்லிகிராம் தூசி. ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல உள்ளே போகலைன்னா பாஸ்!

கணக்குப் போட்டுப் பாருங்க, கிட்டத்தட்ட 99 சதவீதம் தடுத்த மாதிரி வரும். அப்புறம் 95 எதுக்கு, தரம் இறங்கிடுச்சான்னு கேப்பீங்க. சூட்சுமமே எடையிலதான் இருக்கு. 3 மைக்ரான் துகள் ஒண்ணு, 0.3 மைக்ரான் துகள் ஆயிரத்துக்குச் சமம். பெருசைப் பிடிச்சாலே எடைக் கணக்கு நேராயிடும், பொடிசு நழுவினா தராசுக்குத் தெரியாது. போதாததுக்கு, படியும் தூசியே இன்னொரு வடிகட்டியாகி முகமூடியைக் காப்பாத்திவிடும் (பிட் அடிச்சுப் பாஸாகிற கதைதான்).

1995-ல்தான் இதை மாத்தினாங்க. இப்போ உப்புத் துகள், அதுவும் 0.3 மைக்ரான் அளவில். பெருசு நாரில் மோதி ஒட்டிக்கும், ரொம்பப் பொடிசு அலைபாய்ஞ்சு ஒட்டிக்கும். இடைப்பட்ட இதுதான் லேசில் மாட்டாது. காற்றும் 85 லிட்டர். இதில் 95 சதவீதம் தடுத்தா 95. முன்னால இருக்கிற 'என்', எண்ணெய்ப் புகைக்கு ஆகாதுன்னு அர்த்தம்.

இந்த மாற்றத்துக்குக் காசநோயும் ஒரு காரணம். அப்போ அங்கே மருந்துக்கு அடங்காத காசநோய் பரவ, ஆஸ்பத்திரிக்காரங்க முகமூடி தேடினாங்க. பழைய விதிப்படி விலை கூடின உயர்ரக வடிகட்டிதான் தேறுச்சு. புது விதி வந்ததும் மலிவான என்95-க்கு வழி திறந்துச்சு. சுரங்கக்காரனுக்கு 61 வருஷம் காத்திருந்த விதி, ஆஸ்பத்திரி கேட்டதும் அசைஞ்சுதே!

பழசை விற்க 1998 வரை அவகாசம் வேற கொடுத்தாங்க. இவ்வளவு திருத்தியும் ஒண்ணை விட்டுட்டாங்க: முகத்தோரம் கசியுதான்னு பார்க்கிறது அந்தச் சான்றிதழ்ச் சோதனையில் இல்லை. அதை முதலாளிதான் ஒவ்வொரு தொழிலாளிக்கும் வருஷா வருஷம் மாட்டிப் பார்க்கணும்னு 1998-ல் தனியா ஒரு விதி போட்டாங்க.