குழாய் ஒரு பக்கம், மருந்து ஒரு பக்கம்

பூஞ்சை மருந்துகளின் வரலாற்றை எழுதுகிறவர்கள் மருந்திலிருந்து தொடங்குவார்கள். மருத்துவமனை நுண்ணுயிரியல் ஆய்வகத்திலேயே பணிக்காலத்தைக் கழித்தவள் நான். எனக்கு அது குழாயிலிருந்துதான் தொடங்குகிறது.

1929இல் ஜெர்மனியின் எபர்ஸ்வால்டெ ஊரில் வெர்னர் ஃபோர்ஸ்மான் என்ற இளம் மருத்துவர், தன் கைச் சிரை வழியே ஒரு குழாயை இதயம்வரை செலுத்திக்கொண்டு எக்ஸ்ரே அறைக்கு நடந்தே போனார். ஆனால் குழாய் உடம்பில் வாரக்கணக்கில் தங்க ஆரம்பித்தது 1960களின் கடைசியில்தான். உடம்புக்கு வேண்டிய சத்து முழுவதையும் பெரிய சிரை வழியாகவே கொடுத்துவிடலாம் என்று பிலடெல்பியாவில் ஸ்டான்லி டட்ரிக் காட்டினார். பிறகு சியாட்டிலில் 1973இல் ப்ரோவியாக் குழாயும் 1979இல் ஹிக்மன் குழாயும் வந்தன. சிலிக்கோனால் ஆன அவை மாதக்கணக்கில் தங்கின. குடல் வேலை செய்யாத குழந்தைகள் பிழைத்தார்கள். கேண்டிடா பூஞ்சைக்கும் குடியிருக்க இடம் கிடைத்தது.

மருந்தின் கதை இதைப் பார்க்காமலே தனியாக நடந்தது. நியூயார்க் மாநில சுகாதாரத் துறையில் எலிசபெத் ஹேசன் மண்ணிலிருந்து நுண்ணுயிர்களை வளர்த்து, ஜாடியில் அடைத்து, ஆல்பனியில் இருந்த ரேச்சல் பிரவுனுக்குத் தபாலில் அனுப்புவார். பிரவுன் அதிலுள்ள வேதிப்பொருளைப் பிரித்துத் திருப்பி அனுப்புவார். இப்படித் தபாலில் போய்வந்தே 1950இல் நிஸ்டாட்டின் பிறந்தது. காப்புரிமைப் பணத்தை இருவருமே ஆராய்ச்சிக்குக் கொடுத்துவிட்டார்கள். இவர்கள் படம் ஒவ்வொரு ஆய்வகச் சுவரிலும் இருக்க வேண்டும் என்பேன். ஆனால் நிஸ்டாட்டினை ரத்தத்தில் ஏற்ற முடியாது. அதற்கு வெனிசுலாவின் ஒரினோகோ ஆற்றங்கரை மண்ணிலிருந்து ஆம்போடெரிசின் பி வந்தது. உயிரைக் காத்தது, குளிர்காய்ச்சலில் நடுங்க வைத்தது, சிறுநீரகத்தையும் பதம்பார்த்தது.

எங்களிடம் குழாயின் நுனி மட்டும் வரும். ‘டிப்’ என்போம். டென்னிஸ் மாகி 1977இல் வகுத்த முறைப்படி ரத்த அகார் தட்டில் அதை முன்னும் பின்னும் உருட்டுவோம். மறுநாள் வெண்ணெய் நிறத்தில் காலனிகள் எழும்பினால், அதில் கொஞ்சம் எடுத்துச் சீரத்தில் கலந்து 37 டிகிரியில் வைப்போம். இரண்டு மூன்று மணி நேரத்தில் செல்லிலிருந்து முளை நீண்டால் பெரும்பாலும் கேண்டிடா அல்பிகன்ஸ். ஃப்ளூகோனசோல் என்ற பூஞ்சை மருந்துக்குக் கட்டுப்படும் என்று ரிப்போர்ட் போகும். அந்த மருந்து ஏறிக்கொண்டே இருக்கும், காய்ச்சல் இறங்காது. வார்டுக்குப் போன் செய்து, “சிஸ்டர், அந்த லைனை எடுத்தாச்சா?” என்று கேட்பேன். பல முறை, “வேற வெயின் கிடைக்கலைங்க மேடம்” என்பதுதான் பதில்.

பிரிந்து நடந்த இரண்டு கதைகளையும் ஒரே மேசையில் வைத்தவர்கள் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் ஹாசரும் ஜூலியா டக்ளஸும். குழாய் செய்யும் பொருளைச் சிறு வில்லைகளாக வெட்டி, அதன்மேல் கேண்டிடாவைப் படர விட்டார்கள். 1994இல் அந்தப் படலத்தையும், அடுத்த ஆண்டு அது ஐந்து மருந்துகளைத் தாங்கி நிற்பதையும் வெளியிட்டார்கள். திரவத்தில் மிதக்கும் செல்லை அடக்கும் அளவு, தொட்டிப் பாசிபோல ஒட்டிக்கொண்ட செல்லை அடக்கப் போதவில்லை. காரணங்கள் பிறகு ஒவ்வொன்றாகத் தெரிந்தன. செல்களைச் சூழ்ந்த பசையிலுள்ள குளுக்கன் மருந்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. செல்லின் பம்புகள் மருந்தை வெளியே தள்ளுகின்றன. எதற்கும் சாகாத சில செல்கள் அடியில் மிஞ்சுகின்றன.

2001இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற காஸ்போஃபஞ்சின் அந்தக் குளுக்கன் உற்பத்தியையே தடுக்கிறது. அந்த மருந்துக்கு மூலம் ஸ்பெயினின் லொசோயா பள்ளத்தாக்கில் கிடைத்த இன்னொரு பூஞ்சை. கொழுப்பில் பொதிந்த ஆம்போடெரிசினும் காஸ்போஃபஞ்சினும் படலத்தின்மேல் வேலை செய்வதை அடுத்த ஆண்டே ஆய்வகங்கள் காட்டின. அப்படியும் முடிந்தவரை குழாயைச் சீக்கிரம் எடுத்துவிடு என்பதே மருத்துவ வழிகாட்டுதல். பூஞ்சையை அடக்க எவ்வளவு மருந்து வேண்டும் என்று எங்கள் ரிப்போர்ட்டில் அச்சாகும் எண் மட்டும் இன்றும் மிதக்கும் செல்லை வைத்து அளந்ததுதான். குழாய் உள்ளே இருக்கும் நோயாளிக்கு அந்த எண் பொருந்தாமல் போகலாம் என்று அதன் அடியிலேயே ஒரு வரி அச்சிட வேண்டும்.