தந்திக் கம்பிக்கு எழுதிய சட்டம்

எங்கள் தாத்தா காலத்துப் பாகப்பத்திரம் ஒன்று என்னிடம் இருக்கிறது. 1958ல் எழுதியது. எழுதியவர் ஒன்றையும் விடவில்லை. கிணற்றில் மூன்றில் ஒரு பங்கு, கவலை ஓட்ட அவரவருக்கு உள்ள முறை நாள், தென்புறம் வண்டி போகவர மாமூல் வழிநடைப் பாத்தியம், வரப்பில் நிற்கும் வேம்பு இன்னாருக்கு, பனை இரண்டு இன்னாருக்கு என்று எல்லாம் இருக்கிறது.

1990களில் கரூர் பக்கத்து அந்த நிலத்தின் குறுக்கே ஓர் உயரழுத்த மின்பாதை போயிற்று. அதற்கு மட்டும் பத்திரம் கிடையாது. இன்றைக்கும் வில்லங்கம் போட்டுப் பார்த்தால் 'வில்லங்கம் இல்லை' என்றுதான் வருகிறது. ஆனால் என் தம்பி அங்கே தென்னை வைக்க முடியாது, வீடு கட்ட முடியாது, போர் போடும் வண்டியைக் கம்பிக்குக் கீழே நிறுத்த முடியாது. சென்ற வருடம் கடனுக்காக ஒரு வங்கிக்குப் போனான். மதிப்பீடு செய்ய வந்தவர் அண்ணாந்து ஒரு பார்வை பார்த்தாராம். அதோடு சரி.

"நிலத்தை எடுத்துக்கவும் இல்ல, நம்மகிட்ட விடவும் இல்ல. இது என்ன கணக்குண்ணா?" என்று கேட்டான். கைலாசபுரத்தில் நம்மில் பலரும் வாழ்நாள் முழுக்கக் கொதிகலன் செய்தவர்கள். நீராவி டர்பைனுக்குப் போனால் நம் வேலை முடிந்தது. அதற்கு அப்புறம் மின்சாரம் யார் வயல் வழியாகப் போகிறது என்று நான் யோசித்ததே இல்லை. ஓய்வு பெற்றவனுக்கு நேரத்துக்கா பஞ்சம்? தேடிப் படித்தேன்.

ஆரம்பம் 1885ஆம் ஆண்டு இந்தியத் தந்திச் சட்டம். 1857ல் தந்தி தங்களைக் காப்பாற்றியதை வெள்ளைக்காரன் மறக்கவில்லை. கம்பி இழுக்கும் வேலை எந்தப் பட்டாதாரருடைய சம்மதத்துக்கும் காத்திருக்கக் கூடாது என்பது அவன் எண்ணம். அந்தச் சட்டத்தின் 10வது பிரிவு, யார் நிலத்திலும் கம்பம் நடலாம், மேலே கம்பி இழுக்கலாம் என்கிறது. கூடவே இரண்டு நிபந்தனைகள். ஒன்று, அரசுக்குக் கிடைப்பது பயன்படுத்தும் உரிமை மட்டும்தான், நிலம் உடையவருடையதே. இரண்டு, முடிந்தவரை குறைந்த சேதம் செய்ய வேண்டும், செய்த சேதத்துக்கு முழு ஈடு தர வேண்டும். நிலத்துக்காரர் மறித்தால் 16வது பிரிவின்படி கலெக்டர் உத்தரவு போடலாம். ஈட்டுத்தொகை போதாது என்றால் மாவட்ட நீதிபதியிடம் போகலாம்.

தந்திக் கம்பத்துக்கு இது நியாயமான ஏற்பாடு என்றே எனக்குத் தோன்றுகிறது. ஒற்றைக் கம்பம், உச்சியில் இரண்டு பீங்கான், ஒரு கம்பி. ஏர் ஓட்டுகிறவர் அதைச் சுற்றி ஒரு வளைவு வளைந்து போய்விடுவார். கம்பியில் கரிக்குருவி உட்காரும். அவ்வளவுதான் தொந்தரவு. 17வது பிரிவில் இன்னொரு சலுகையும் உண்டு. பிற்பாடு உங்கள் நிலத்தில் ஏதாவது செய்யக் கம்பம் இடைஞ்சல் என்றால், அதை நகர்த்தச் சொல்லலாம். முன்பு ஈடு வாங்கியிருந்தால், நகர்த்தும் செலவு அல்லது வாங்கிய ஈட்டில் பாதி, எது குறைவோ அதைக் கட்டினால் போதும். நான்கு கால் இரும்புக் கோபுரத்தை இந்தக் கணக்கில் நகர்த்தச் சொல்லிப் பாருங்கள்!

வினை 1910ல் வந்தது. அந்த வருடத்து இந்திய மின்சாரச் சட்டத்தின் 51வது பிரிவு, தந்தித் துறைக்கு இருக்கும் அதே அதிகாரங்களை மின்கம்பி இழுப்பவர்களுக்கும் அரசு கொடுக்கலாம் என்றது. 2003ஆம் ஆண்டுச் சட்டம் வந்தபோது அதே சங்கதி 164வது பிரிவாக மறுபிறவி எடுத்தது. தந்திக்குத் தைத்த சட்டையை மின்சாரத்துக்கு மாட்டிவிட்டார்கள்.

1930களில் பைக்காரா மின்சாரம் கோவைக்கு இறங்கியபோதும், பிறகு மேட்டூர் மின்சாரம் வந்தபோதும் ஜனங்களுக்கு அது உறுத்தியிருக்காது. பாதைகள் சிறியவை. 66 கிலோவோல்ட் பாதைக்கு வேண்டிய அகலம் 18 மீட்டர்தான். அதோடு வந்த கம்பி ஊருக்குள்ளும் இறங்கியது. கிணற்றில் மோட்டார் ஓடியது, கவலை ஒழிந்தது. கொடுத்தவருக்கும் கிடைத்தது.

இப்போது 400 கிலோவோல்ட் என்றால் 46 மீட்டர். 800 கிலோவோல்ட் நேர்மின்னோட்டப் பாதை என்றால் 69 மீட்டர். அப்படி ஒரு பாதை ஒரு நிலத்தை 100 மீட்டர் நீளம் கடந்தால், ஏறத்தாழ ஒன்றே முக்கால் ஏக்கர் அதற்குக் கீழே போய்விடும். இரண்டு மூன்று ஏக்கர் வைத்திருப்பவருக்கு மிச்சம் என்ன?

இங்கேதான் சட்டத்தின் சூட்சுமம். நம் தொழிற்சாலைக்கும் குடியிருப்புக்கும் தேவைப்பட்டது போல நிலத்தையே கையகப்படுத்தினால் விலை கொடுத்தாக வேண்டும். 1962ஆம் ஆண்டு பெட்ரோலியக் குழாய்ச் சட்டம்கூட, நிலத்தை எடுக்காமல் அடியில் குழாய் பதிப்பதற்குச் சந்தை மதிப்பில் 10 சதவீதம் தரச் சொல்கிறது. மின்கம்பிக்கு அந்தப் பேச்சே சட்டத்தில் இல்லை. நிலம்தான் உங்களிடமே இருக்கிறதே, சேதம் என்ன ஆயிற்று என்று கேட்கும். எங்கள் அப்பாவுக்குக் கிடைத்தது அந்த வருடக் கடலைக்கும் வெட்டிய இரண்டு வேம்புக்கும்தான். தாளில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. அப்பா கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார்.

நிலமதிப்புக் குறைவதும் இழப்புதானே என்று நீதிமன்றம் போனவர்கள் உண்டு. கேரள மின்வாரியத்துக்கும் லிவிஷா என்பவருக்கும் நடந்த வழக்கில் 2007ல் உச்சநீதிமன்றம், ஒரே வாய்ப்பாட்டை எல்லோருக்கும் போடாதீர்கள், நிலம் எங்கே இருக்கிறது, கம்பி எவ்வளவு இடத்தை எப்படிக் கடக்கிறது என்றெல்லாம் பார்க்க வேண்டும் என்றது. 2016 டிசம்பரில் வந்த இன்னொரு தீர்ப்பு, பாதை போட உரிமையாளரின் முன்சம்மதம் தேவையில்லை என்றது. அந்த வழக்கில் பவர்கிரிடை எதிர்த்தது ஏழை விவசாயி அல்ல, செஞ்சுரி டெக்ஸ்டைல்ஸ்.

நம் பக்கத்தில் இது வெடித்தது சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து புகளூருக்கு வந்த 800 கிலோவோல்ட் பாதையாலும், அதையொட்டிப் போட்ட மற்றப் பாதைகளாலும். 6,000 மெகாவாட் கொண்டுவரும் பாதை அது. 2018 டிசம்பரில் கொங்கு மாவட்டங்களில் விவசாயிகள் உண்ணாவிரதம் உட்கார்ந்தார்கள். சாலையோரமாகப் புதைவடம் போடுங்கள் என்பது அவர்கள் கோரிக்கை. பொறியாளனாகச் சொன்னால், 800 கிலோவோல்ட்டை அத்தனை தூரம் பூமிக்கடியில் கொண்டுவருவது நடக்கிற காரியமாக இல்லை. ஆனால் அதே புகளூரிலிருந்து திருச்சூருக்குப் போகும் 320 கிலோவோல்ட் பாதையைப் பாருங்கள். 2021 பிப்ரவரியில் திறந்தார்கள். கேரளத்துக்குள் சுமார் 27 கிலோமீட்டர் புதைவடமாகப் போகிறது, நம் பக்கம் முழுக்கக் கோபுரம். அங்கே இடம் நெருக்கடி என்பார்கள். இங்கே நிலம் சும்மா கிடப்பதாக யார் சொன்னது?

போராட்டங்கள் வீண்போகவில்லை என்றும் சொல்ல வேண்டும். 2015ல் மத்திய மின்துறை, கோபுரம் நிற்கும் இடத்துக்கு நிலமதிப்பில் 85 சதவீதம், கம்பிக்குக் கீழ் உள்ள பாதைக்கு அதிகபட்சம் 15 சதவீதம் என்று வழிகாட்டியது. 2024 ஜூனில் அதை 200 சதவீதம், 30 சதவீதம் என்று உயர்த்தியது. மாநிலம் ஏற்று ஆணை போட்டால்தான் கைக்கு வரும். மதிப்பு என்பதும் பெரும்பாலும் வழிகாட்டி மதிப்பு. அதற்கும் ஊரில் போகும் விலைக்கும் உள்ள தூரம் பத்திரம் பதிந்த எல்லோருக்கும் தெரியும்.

தந்தி 2013 ஜூலையில் நின்றது. 2023ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டம் 1885ஆம் ஆண்டுச் சட்டத்தையும் ரத்து செய்தது. ஆனால் அதில் ஒரு வரி சேர்த்திருக்கிறார்கள். மின்பாதை போடுவதற்கு மட்டும் பழைய சட்டத்தின் மூன்றாம் பாகம் தொடர்ந்து செல்லும். 10, 16, 17 எல்லாம் அந்தப் பாகத்தில்தான் இருக்கின்றன.

இதையெல்லாம் தம்பியிடம் சொன்னேன். "அப்ப நமக்கு?" என்றான். புது விகிதம் பழைய பாதைக்கு எட்டாது என்றேன். தை மாதம் எங்கள் பிள்ளைகளுக்கு நிலத்தைப் பாகம் பிரிப்பதாக இருக்கிறோம். கிணறு, வழிநடை, மிச்சமிருக்கும் ஒரு பனை எல்லாம் பேசி முடித்தாயிற்று. கம்பிக்குக் கீழே உள்ள பகுதியை யார் பேருக்கு எழுதுவது என்பது மட்டும் பாக்கி.