லோவுக்குப் பக்கத்தில் ரிவர்ஸ்



போன வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் போன நாம் பலரும் அதைக் கண்ணால் கண்டோம். பள்ளிவாசலுக்கு எதிரே உள்ள சரிவில் ஒரு கார் வந்து நின்றது. ஹாஜியார் ஒருவர் இறங்கினார். கதவைச் சாத்துவதற்குள் கார் பின்னால் உருளத் தொடங்கி, மதிலில் முட்டி நின்றது. சற்று முன்புதான் மூன்று சிறுவர்கள் அந்த மதிலோரம் நடந்து போயிருந்தார்கள். அல்ஹம்துலில்லாஹ், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

"ஹாஜியார், பார்க்கில போடல்லயா?"

"போட்டேனே மகன்."

அவர் பொய் சொல்லவில்லை. பல வருடங்களாக அவர் ஓட்டியது, நெம்புகோலை முன்னே தள்ளினால் 'பி'யில் போய் விழும் பழைய ஓட்டோ கியர் கார். அன்று கொண்டு வந்தது மகனுடைய கார். அதில் நெம்புகோலை எங்கே தள்ளினாலும் கையை விட்டதும் நடுவுக்கே திரும்பி வந்துவிடும். பார்க்குக்குத் தனியாக ஒரு பட்டன் இருக்கிறது. கை தன் பழக்கத்தைச் செய்தது, கார் வேறொன்றைச் செய்தது. தேநீர்க் கடையில் தீர்ப்பு உடனே வந்துவிட்டது: "வயசு போனா வாகனம் ஓடக் கூடாது." நம்மில் சிலரும் தலையாட்டினோம்.

இதே தீர்ப்பு அமெரிக்காவில் பல தசாப்தங்களாகச் சொல்லப்பட்டு வந்தது. அது எவ்வளவு தூரம் சரி என்பதை அந்த வரலாறே காட்டுகிறது. ஆகவே அதைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனம் 1939இல் 'ஹைட்ராமெட்டிக்' என்ற தானியங்கி கியரை அறிவித்து, 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபைல் கார்களில் விற்பனைக்கு விட்டது. கிளட்ச் மிதி இல்லாமல், பெருந்தொகையாகத் தயாரிக்கப்பட்ட முதல் முழுத் தானியங்கி கியர் இதுதான். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவின் இலகுரகத் தாங்கிகளிலும் இதைப் பொருத்தினார்கள். கியர் நெம்புகோல் ஸ்டியரிங் தண்டில் இருந்தது. அந்த ஆரம்ப வடிவத்தில் 'பார்க்' என்ற நிலையே கிடையாது. என்ஜினை நிறுத்திவிட்டு ரிவர்ஸில் போட்டால் கியர் பூட்டிக்கொள்ளும். சாரதி அதை நினைவில் வைத்திருக்க வேண்டும்.

பின்னர் மற்றக் கம்பனிகளும் ஓட்டோ கியருக்கு வந்தன. ஆனால் எழுத்துகளின் வரிசையை ஒவ்வொருவரும் தம் விருப்பப்படி வைத்தார்கள். பல கார்களில் வரிசை பி, என், டி, எல், ஆர் என்றிருந்தது. அதாவது மெதுவாக முன்னே போகும் 'லோ'வுக்குப் பக்கத்திலேயே பின்னே போகும் 'ரிவர்ஸ்'. இதற்கும் ஒரு நியாயம் சொன்னார்கள்: சேற்றில் புதைந்த காரை லோவுக்கும் ரிவர்ஸுக்கும் மாற்றி மாற்றி ஆட்டி எடுப்பது சுலபம். வேறு கார்களில் ரிவர்ஸ் மேலே, பார்க்குக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் இருந்தது. ஒரு வகைக் காரில் பழகியவர் மற்ற வகைக் காரில் ஏறினால் கை தவறியது. முன்னே போக நினைத்தவரின் கார் பின்னே பாய்ந்தது. அப்போதும் பழி சாரதியின் தலையில்தான் விழுந்தது.

அந்தக் காலத்தில் புதுமை மோகமும் சேர்ந்துகொண்டது. கிறைஸ்லர் 1956 மாடல் முதல் 1964 மாடல் வரை நெம்புகோலை எடுத்துவிட்டு, டாஷ்போர்டில் பட்டன்களை வைத்தது. அதை மிகவும் விரும்பிய சாரதிகள் இருந்தார்கள். ஆனால் ஆரம்பத்தில் அதில் பார்க் இல்லை, கைப் பிரேக்கை மட்டுமே நம்ப வேண்டியிருந்தது. 1958இல் போர்ட் நிறுவனத்தின் எட்செல் கார் பட்டன்களை ஸ்டியரிங் சக்கரத்தின் நட்டநடுவில் வைத்தது. மற்றக் கார்களில் ஹோர்ன் இருக்கும் இடம் அது. அடுத்த வருட மாடலிலேயே அந்தப் பட்டன்கள் காணாமல் போயின.

1965இல் ரால்ப் நாடர் என்ற இளம் சட்டத்தரணி கார்களின் பாதுகாப்புக் குறைகள் பற்றி ஒரு நூல் எழுதினார். இந்தக் கியர் வரிசைக் குழப்பமும் அதில் இடம்பெற்றது. விபத்து என்றதும் சாரதியை மட்டும் பார்க்காதீர்கள், வாகனம் செய்யப்பட்ட விதத்தையும் பாருங்கள் என்பதே அவருடைய வாதம். அடுத்த வருடம் அமெரிக்காவில் வாகனப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1968 ஜனவரி 1 முதல், முன்னே போகும் நிலைகளுக்கும் ரிவர்ஸுக்கும் நடுவில் நியூட்ரல் இருந்தே ஆக வேண்டும் என்பது விதியானது. இன்று நம் வீதிகளில் ஓடும் ஜப்பானியக் கார்களிலும் பி, ஆர், என், டி என்ற அதே ஒழுங்கு இருக்கிறது.

வரிசை சரியான பின்னும் பிரச்சினை முடியவில்லை. பார்க்கில் போடும்போது உள்ளே ஒரு சிறிய உருக்கு நாக்கு, பற்சக்கரத்தின் பள்ளத்தில் விழுந்து சக்கரங்களைப் பிடித்துக்கொள்கிறது. அது சரியாக விழாமல் விளிம்பில் நின்றால், பார்க்கில் இருக்கிறது என்று நாம் நம்பிய வாகனம் பிறகு நகர்ந்துவிடலாம். போர்ட் வாகனங்கள் மீது இப்படியான முறைப்பாடுகள் குவிந்தபோது, 1980இல் அரசாங்கத்துடன் ஓர் உடன்பாடு வந்தது. சுமார் 2 கோடி 30 இலட்சம் வாகன உரிமையாளர்களுக்குத் தபாலில் எச்சரிக்கை ஸ்டிக்கர் அனுப்பப்பட்டது. வாகனத்தைத் திருத்தவில்லை, ஸ்டிக்கர் மட்டும்தான்.

நியாயமாக மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 1986இல் அவுடி கார்கள் தாமாகவே பாய்வதாக அமெரிக்கத் தொலைக்காட்சியில் பெரிய குற்றச்சாட்டு எழுந்தது, விற்பனை சரிந்தது. 1989இல் வெளிவந்த அரச ஆய்வு, பெரும்பாலும் சாரதிகள் பிரேக் என்று நினைத்து எக்சிலேட்டரை மிதித்ததுதான் காரணம் என்றது. ஆக, தவறு சாரதியுடையதுதான். ஆனாலும் அதற்கு மருந்து சாரதியைத் திட்டுவதில் கிடைக்கவில்லை. பிரேக்கை மிதித்தால் மட்டுமே பார்க்கிலிருந்து கியர் வெளியே வரும் பூட்டு பரவலாக வந்தது. இன்று நம் கார்களில் இருப்பது அதுதான்.

பிறகு கணினி வந்தது. நெம்புகோலுக்கும் கியர் பெட்டிக்கும் நடுவில் இருந்த கம்பி போய், மின்சமிக்ஞை வந்தது. 2003இல் வந்த இரண்டாம் தலைமுறை பிரியஸில் நெம்புகோல் ஒரு சிறு குமிழாகச் சுருங்கியது. ஜாகுவார் சுழலும் வட்டத்தை வைத்தது. இன்னும் சிலர் மீண்டும் பட்டன்களுக்கே திரும்பினார்கள். இடம் மிச்சம், பார்க்கவும் அழகு. ஆனால் பழைய நெம்புகோல் எந்த நிலையில் இருக்கிறது என்பது கைக்குத் தெரிந்தது. புதியதில் கண்ணால் விளக்கைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

அதன் விலை 2016இல் தெரிந்தது. விட்டதும் நடுவுக்குத் திரும்பும் நெம்புகோல் கொண்ட சுமார் 11 இலட்சம் ஜீப், டொட்ஜ், கிறைஸ்லர் வாகனங்களை அந்த ஏப்ரலில் தயாரிப்பாளரே திரும்ப அழைத்தார். பார்க்கில் போட்டுவிட்டதாக நினைத்துப் பலர் இறங்கியிருந்தார்கள். ஜூனில் 27 வயது நடிகர் அன்டன் யெல்ச்சின், தன் வீட்டு வாசல் சரிவில் தன்னுடைய ஜீப்பே உருண்டு வந்து நெரித்ததில் இறந்தார். அவர் வயது போனவர் அல்ல. கதவைத் திறந்தால் வாகனம் தானாகவே பார்க்குக்கு மாறும்படி பின்னர் மென்பொருளைத் திருத்தினார்கள்.

வகுப்பில் ஒரு பிள்ளை ஒரு கணக்கில் பிழைவிட்டால் பிள்ளையைத் திருத்துகிறோம். பாதி வகுப்பு அதே இடத்தில் பிழைவிட்டால் நாம் கேள்வித்தாளைத் திருப்பிப் பார்க்கிறோம். அந்த நியாயத்தை ஹாஜியாருக்கும் கொடுத்திருக்க வேண்டும்.

நம் ஊரில் குமிழ், நெம்புகோல், பட்டன் எல்லாம் ஒரே வீதியில் ஓடுகின்றன. ஒரே வீட்டில் வாப்பாவுக்கு ஒன்று, மகனுக்கு வேறொன்று. எது சிறந்தது என்ற வாதம் தேநீர்க் கடையில் தொடரட்டும். அதுவரை நாம் செய்யக்கூடியவை சில: புதிய வாகனத்தின் சாவியை வீட்டுப் பெரியவரிடம் கொடுக்குமுன், பக்கத்தில் உட்கார்ந்து பத்து நிமிடம் காட்டிக் கொடுப்போம். நிறுத்தும்போது பிரேக்கில் கால் இருக்கும்போதே கைப் பிரேக்கைப் போட்டு, 'பி' எரிகிறதா என்று கண்ணால் பார்த்து, என்ஜினை நிறுத்திய பிறகே கதவைத் திறப்போம். ஹைப்ரிட் வாகனத்தில் சத்தம் இல்லை என்பதால் அது நிறுத்தப்பட்டது என்று நம்பக் கூடாது.

ஹாஜியாரைக் காணும்போது, "வயசு போச்சு" என்று சொன்ன நாம் ஸலாம் சொல்லி, அவரிடம் ஒரு வார்த்தை மன்னிப்பும் கேட்போம், இன்ஷா அல்லாஹ்.