கறுப்பிழைப் பூத்தையல்

வெள்ளைத் துணியில் கறுப்பு நூலால், பெரும்பாலும் துணியின் இழைகளை எண்ணி எண்ணிப் போடும் எம்பிராய்டரிக்குக் கறுப்பிழைப் பூத்தையல் என்று பெயர். ஆங்கிலேயர் இதை பிளாக்வொர்க் என்பார்கள். 16ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஆண்களின் சட்டையிலும் பெண்களின் உள்ளங்கியிலும் கழுத்துப் பட்டி, கைப்பட்டி ஆகிய இடங்களில் இது செழித்தது. இப்போது கையால் தைத்த காட்டன் ஜிப்பா, குர்தா, மேசை விரிப்பு, சட்டமிட்ட படம் எனப் பலவற்றிலும் போடுகிறார்கள். ஆனாலும் இந்தத் தையலின் இலக்கணத்தை வகுத்தது சட்டைதான். சட்டையை விட்டுவிட்டுப் பார்த்தால், இதில் உள்ள பல வழக்கங்களுக்குக் காரணமே புரியாது.

சட்டையும் அதன் விளிம்பும்

இங்கிலாந்தை டியூடர் மன்னர்கள் ஆண்ட அக்காலத்துச் சட்டை உடம்பை ஒட்டி உடுத்துவது. அதன் மேல் அணிந்த வெல்வெட், பட்டு, கம்பளி அங்கிகளைத் துவைக்க முடியாது. வியர்வையும் அழுக்கும் அவற்றில் ஏறாமல் காப்பது அடிக்கடி துவைக்கும் லினன் சட்டையின் வேலை. வெளியே தெரிவது கழுத்தோரமும் மணிக்கட்டும் மட்டுமே. அந்த இரண்டு விரற்கடை வெண்மையை வைத்தே ஒருவருடைய வசதியையும் சுத்தத்தையும் ஊர் எடைபோட்டது. ஆகவே அலங்காரமும் அங்கேயே குவிந்தது.

அந்தச் சட்டைகள் ஆளி நாரில் நெய்த லினன் துணியில் ஆனவை; பருத்தியால் ஆனவை அல்ல. பூவேலைக்குக் கறுப்புப் பட்டு நூல். வெட்டும் முறை மிக எளிது: உடலுக்கு ஒரு நீண்ட செவ்வகம், கைகளுக்கு இரண்டு, அக்குளில் கை தூக்க வசதியாகச் சிறு சதுரத் துண்டுகள், கழுத்துக்கும் மணிக்கட்டுக்கும் பட்டிகள். வளைவாக வெட்டுவது அநேகமாக இல்லை. துணியின் பாவும் ஊடையும் நேராக ஓடும் பட்டிகள் இருந்ததால்தான் இழை எண்ணிப் போடும் வேலை அங்கே இயல்பாகப் பொருந்தியது.

பிறப்பிடம் பற்றிய வழக்கு

அன்றைய ஆவணங்கள் இதை ஸ்பானிய வேலை என்றும் குறிக்கின்றன. 1501இல் ஸ்பெயினிலிருந்து இங்கிலாந்துக்கு வந்து, 1509இல் எட்டாம் ஹென்றியை மணந்த அரகான் கேத்தரின்தான் இதைக் கொண்டுவந்தார் என்ற கதை அதனால் நிலைத்துவிட்டது. கேத்தரின் நல்ல தையற்காரி என்பதில் ஐயமில்லை. மண விலக்கு வழக்கு முற்றியிருந்த 1530இலும் மன்னருக்கான சட்டைத் துணி அவரிடமே போயிற்று என்றும், அதை அறிந்து, மன்னர் மணக்க விரும்பிய ஆன் பொலின் கொதித்தார் என்றும் புனித ரோமப் பேரரசின் தூதர் யூஸ்டாஸ் ஷாப்வி எழுதியிருக்கிறார்.

ஆனால் கேத்தரின் வருவதற்கு ஒரு நூற்றாண்டு முன்பே, 14ஆம் நூற்றாண்டின் இறுதியில், ஆங்கிலக் கவிஞர் சாசரின் கேன்டர்பரி கதைகளில் வரும் தச்சனின் மனைவி கழுத்தோரத்தில் கறுப்புப் பட்டுப் பூவேலை செய்த உள்ளங்கி அணிந்திருக்கிறாள். இதே வகை இரட்டை ஓட்டுத் தையல், எகிப்தை மம்லூக் சுல்தான்கள் ஆண்ட காலத்துத் துணித் துண்டுகளிலும் காணப்படுகிறது. ஆக்ஸ்ஃபோர்டின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் அவை உள்ளன. கேத்தரின் வந்ததால் ஏற்கெனவே இருந்த வேலைக்கு அரண்மனை மவுசு கூடியது என்று கொள்வதே பொருத்தம்.

இருபுறமும் ஒன்றாக

பட்டியின் ஓரத்தைச் சுருக்கி மடிப்பு மடிப்பாக விட்டபோது துணியின் உட்புறமும் கண்ணில் பட்டது. கழுத்தைத் திறந்து காலரை மடித்தாலும் அப்படியே. பின்பக்கம் முடிச்சும் நூல் தாவலுமாகக் கிடக்கும் சாதாரண எம்பிராய்டரி அங்கே உதவாது. முன்னும் பின்னும் அச்சாக ஒன்றுபோல் தெரியும் தையல் தேவைப்பட்டது. அதுதான் இரட்டை ஓட்டுத் தையல்.

முதல் நடையில் சாதாரண ஓட்டுத் தையல்: இரண்டு இழை மேலே, இரண்டு இழை கீழே. வரி முடிந்ததும் அதே வழியில் திரும்பி வந்து விட்ட இடைவெளிகளை நிரப்ப வேண்டும். கோடு முழுமையாகும், பின்பக்கமும் அதே கோடு. திரும்பும்போது ஊசி ஒவ்வொரு முறையும் பழைய தையலின் ஒரே பக்கமாகத் துளையில் இறங்கி, மறு பக்கமாக மேலே வரவேண்டும். இந்த ஒழுங்கு தவறினால் கோடு படிக்கட்டாக நெளியும். கிளை பிரியும் உருக்களில்தான் உண்மையான சோதனை. மூலக்கோட்டில் போகும் வழியில் ஒவ்வொரு கிளைக்கும் உள்ளே சென்று, முழுதாகத் திரும்பி வந்துவிட்டுத்தான் அடுத்த தையலுக்கு நகர வேண்டும். கம்பிக் கோலத்தில் இழுத்த கோடு தொடங்கிய புள்ளிக்கே வந்து சேர்வதுபோல, இங்கே நூலின் பயணத்தை முன்கூட்டியே மனத்தில் போட்டுப் பார்க்க வேண்டும். முடிச்சு கூடாது, நூல் முனையைத் தையலுக்குள்ளேயே செருகி மறைப்பார்கள்.

இத்தையலுக்கு ஹோல்பைன் தையல் என்றே இன்று பெயர். ஓவியர் இளைய ஹான்ஸ் ஹோல்பைன் (இறப்பு 1543) ஊசி பிடித்தவர் அல்லர். இங்கிலாந்து அரசவையினரை வரைந்தபோது, சட்டை விளிம்பின் பூவேலையை இழை பிசகாமல் வரைந்து வைத்தார். வியன்னாவின் கலை வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ள அரசி ஜேன் சீமோர் ஓவியத்தில், கைப்பட்டியின் கறுப்பு உருக்களை வரைபடத் தாளில் பிரதி எடுக்கலாம் என்னுமளவுக்குத் தெளிவு. அக்காலத் துணிகள் மிகக் குறைவாகவே எஞ்சியிருப்பதால், ஆரம்ப கால வேலையைப் படிக்க அவருடைய ஓவியங்களே முதன்மைச் சான்று.

எலிசபெத் காலத்து மாற்றம்

முதலாம் எலிசபெத் ஆண்ட 1558–1603 காலத்தில் கோணமான ஓர உருக்கள் பின்னுக்குப் போய், ரோஜா, திராட்சை, ஓக் இலை, பறவை, பூச்சி எனச் சுருளும் கொடிகள் கை முழுவதையும் நிரப்பின. உருவின் புறக்கோட்டை அழுத்தமான தையலால் போட்டு, உள்ளே சிறு வடிவங்களை அடுக்கினார்கள். அடுக்கு நெருங்கினால் கருமை, இடைவெளி விட்டால் சாம்பல் நிறம். ஜார்ஜ் கோவர் வரைந்து மான்செஸ்டர் கலைக்கூடத்தில் உள்ள மேரி கார்ன்வாலிஸ் ஓவியத்தின் கைகள் இந்தக் கட்டத்துக்கு நல்ல எடுத்துக்காட்டு. பொன்னிழையும் ஜிகினாவும் சேர்ந்தன. புத்தாண்டில் அரசிக்கு வந்த பரிசுகளில் கறுப்பிழை வேலை செய்த உள்ளங்கிகளும் உண்டு.

பிறகு புள்ளி புள்ளியாகச் சிறு தையல்களைத் தூவி நிழல் காட்டும் முறை வந்தது. செதுக்கு அச்சுப் படங்களைப் பார்த்துப் பழகிய கண்ணின் வேலை அது. அச்சுக்கும் ஊசிக்கும் இருந்த உறவு நேரடியானது. ஆக்ஸ்பர்க் நகரில் யோகான் ஷோன்ஸ்பெர்கர் 1520களில் பூவேலை மாதிரிப் புத்தகத்தை அச்சிட்டார். இங்கிலாந்தில் தாமஸ் ஜெமினஸின் தொகுப்பு 1548இல் வந்தது. புத்தகம் வாங்காதவர்கள் ஒரு துணித் துண்டில் உருக்களைத் தைத்து வைத்துக்கொண்டார்கள். ஜேன் பாஸ்டாக் என்ற பெயரும் 1598 என்ற ஆண்டும் தைக்கப்பட்ட அத்தகைய மாதிரித் துணி லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ளது. ஆண்டு குறித்த பிரிட்டிஷ் மாதிரித் துணிகளில் அதுவே மிகப் பழையது. 17ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் லேஸ் மோகம் தலையெடுக்க, கறுப்பிழை மங்கியது.

தன்னையே தின்ற சாயம்

அருங்காட்சியகங்களில் இருக்கும் பழைய துண்டுகளில், லினன் திடமாக இருக்க, கறுப்புப் பட்டு மட்டும் பொடிந்து உதிர்ந்திருப்பதைப் பார்க்கலாம். ஓக் மரத்து மாசிக்காய்களின் துவர்ப்பையும் இரும்பு உப்பையும் சேர்த்துத்தான் கறுப்புச் சாயம் காய்ச்சினார்கள். அந்த இரும்பே காலப்போக்கில் பட்டிழையை அரித்துவிட்டது. இதில் ஒரு லாபமும் உண்டு. நூல் போன இடத்தில் ஊசித் துளைகளும், தையலுக்கு முன் மையால் வரைந்த கோடுகளும் வெளிப்பட்டிருக்கின்றன. எந்தப் பகுதியை இழை எண்ணிப் போட்டார்கள், எதை வரைந்து போட்டார்கள் என்று ஆய்வாளர்கள் அறிந்தது இப்படித்தான்.

காட்டன் ஜிப்பாவில்

20ஆம் நூற்றாண்டில் லூயிசா பெசல் போன்றவர்கள் பழைய உருக்களைத் தொகுத்து வெளியிட்டதில் இவ்வேலைக்கு மறுவாழ்வு கிடைத்தது. 1966இல் கலிஃபோர்னியாவில் தொடங்கி, இடைக்கால வாழ்க்கையை நடித்துப் பார்க்கும் ஒரு சங்கத்தின் உறுப்பினர்கள் இதை மீண்டும் சட்டைக்கே கொண்டுவந்தார்கள். ஆடை வரலாற்றாளர் ஜேனட் ஆர்னால்டு அளந்து வரைந்த சட்டை, உள்ளங்கி வரைபடங்கள் அவர் மறைந்த பிறகு 2008இல் வெளிவந்தன. பழைய முறையில் வெட்டித் தைப்பவர்களுக்கு அதுவே கைநூல்.

லினன் விலை கூடுதல் என்பதால் பலரும் காட்டனையே எடுக்கிறார்கள். எல்லாக் காட்டனும் ஒத்துவராது. பாப்ளினில் இழை கண்ணுக்குப் பிடிபடாது. மல் துணியில் பின்பக்க நூல் நிழலாகத் தெரியும். சற்றுத் தடித்த நூலில் நெருக்கமின்றி நெய்த கைத்தறித் துணி நல்லது. ஆனால் கைத்தறியில் பாவும் ஊடையும் ஒரே எண்ணிக்கையில் இருப்பது அரிது. துணி மூலையில் இருபது இழைக்கு இருபது இழையாக ஒரு கட்டம் தைத்து அளந்தால் தெரிந்துவிடும். ஒரு பக்கம் 2 செ.மீ., மறுபக்கம் 2.4 செ.மீ. என்று வந்தால் வட்டப் பூ முட்டையாகிவிடும். அப்படிப்பட்ட துணியில் எல்லாப் பட்டிகளையும் ஒரே திசையில் வெட்ட வேண்டும். இல்லாவிட்டால் கழுத்துப் பூவும் கைப் பூவும் வேறு வேறாக நிற்கும். இழை எண்ண முடியாத துணிதான் கையில் இருக்கிறது என்றால், கேன்வாஸ் வலையை மேலே ஓட்டுத் தையலால் பொருத்தி, அதன் கண்களை எண்ணிப் போட்டுவிட்டு, கடைசியில் நனைத்து வலையிழைகளை ஒவ்வொன்றாக உருவிவிடலாம்.

வெட்டுவதற்கு முன் துணியைத் துவைத்துச் சுருங்க விட்டுவிட வேண்டும். பட்டியின் எல்லையைப் பென்சிலால் கீறாமல் நூலால் ஓட்டி, பூவேலையை முடித்துவிட்டுத்தான் பட்டியை வெட்டுவார்கள். முதலிலேயே வெட்டிவிட்டால் சின்னத் துண்டு எம்பிராய்டரி வளையத்தில் நிற்காது. கணக்கு முதலில். 16 அங்குலக் கழுத்துப் பட்டி, அங்குலத்துக்கு 28 இழை என்றால் 448 இழை. இரண்டிரண்டாகப் போட்டால் 224 தையல். 16 தையல் அகலப் பூ சரியாக 14 முறை வரும். 18 தையல் அகலப் பூ என்றால் 12 முறை வந்து 8 தையல் மிஞ்சும். பக்கத்துக்கு நான்காகப் பிரித்துச் சிறு உருவால் அடைக்க வேண்டும். எப்படியானாலும் நடுவிலிருந்து தொடங்குவதே பத்திரம்.

கடைகளில் கிடைக்கும் ஆறு இழை எம்பிராய்டரி நூலில், புறக்கோட்டுக்கு இரண்டு இழையும் உள் நிரப்புக்கு ஒரு இழையும் போதும். ஊசி முனை மழுங்கியிருக்க வேண்டும். கூர் ஊசி இழையைப் பிளந்துவிடும். கறுப்பு நூலை நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திப் பார்க்காமல் தொடங்குவது ஆபத்து. சாயம் விட்டால், தண்ணீர் தெளியும்வரை அலசிக் காயவைத்த பிறகே தைக்கலாம். தைத்த பட்டியைத் தடித்த துண்டின் மேல் கவிழ்த்துப் போட்டுப் பின்பக்கம் இஸ்திரி போட்டால் தையல் நசுங்காது.

இந்திய உறவினர்

கர்நாடகத்தின் தார்வாட் பகுதியில் இல்கல் சேலைகளில் போடும் கசூத்தி வேலையில், கவந்தி என்ற தையல் இதே இரட்டை ஓட்டம்தான். முடிச்சில்லை, இருபுறமும் ஒன்று, இழை எண்ணிக்கை மட்டுமே வழிகாட்டி. ஆனால் அங்கே உருக்கள் கோபுரமும் தேரும் யானையும். கறுப்பு நூலைவிடக் கறுப்புத் துணிக்குத்தான் மதிப்பு. நீலகிரித் தோடர்களின் பூத்துக்குளியில் வெள்ளைக் காட்டன்மேல் சிவப்பும் கறுப்பும் வருவதைப் பார்த்து அதையும் இதே வகையில் சேர்ப்பவர்கள் உண்டு. அதுவும் இழை எண்ணிப் போடுவதுதான். ஆனால் அது நெசவைப்போல் இழைகளுக்கிடையே கோத்து நிரப்பும் தையல், இரட்டை ஓட்டம் அல்ல.