துர்கராயப்பட்டினக் கரையும் ஜின் கோப்பையும்

டாம் காலின்ஸ் என்ற பழைய ஜின் காக்டெயிலை வீட்டில் கலக்கப் பெரிய வித்தை எதுவும் வேண்டாம். உயரமான கண்ணாடிக் கோப்பையில் பனிக்கட்டி, இரண்டு பங்கு ஜின், ஒரு பங்கு எலுமிச்சைச் சாறு, அதில் பாதி அளவு சர்க்கரைப் பாகு, மேலே சோடா, அவ்வளவுதான். லண்டனும் நியூயார்க்கும் இதைத் தம் சொத்தாகவே எழுதிவைத்திருக்கின்றன. ஆனால் இந்தக் கோப்பையில் ஜின்னை விட மூத்தது அதைக் கலக்கும் முறை. சாராயத்தின் காரத்தைப் புளிப்பாலும் இனிப்பாலும் நீராலும் வாசனையாலும் அடக்கும் அந்த முறையை ஐரோப்பியர் இந்தியாவில்தான் கற்றார்கள். அந்தப் பாடம் நடந்த இடங்களில் ஒன்றாகத் திருப்பதியை ஒட்டிய கடற்கரையையும் சொல்ல வேண்டும் என்பது என் வாதம்.

2022இல் திருப்பதி மாவட்டம் உருவானபோது அதில் சேர்ந்த வாகாடு மண்டலத்தில், பழவேற்காட்டுக்கு வடக்கே, துர்கராயப்பட்டினம் என்ற கடலோர ஊர் இருக்கிறது. ஆங்கிலேயர் இதை ஆர்மகான் என்று எழுதினார்கள். தங்களுக்கு உதவிய ஆறுமுக முதலியாரின் பெயரிலிருந்து அது வந்தது என்பார்கள். 1626 வாக்கில் கிழக்கிந்தியக் கம்பெனி இங்கே பண்டகசாலை அமைத்தது. இங்கே தலைவராக இருந்த பிரான்சிஸ் டேதான் 1639இல் சென்னைக்கான இடத்தைப் பெற்றவர். அந்த இடம் அப்போது சந்திரகிரியிலிருந்து ஆண்ட விஜயநகர வழி அரசரின் ஆட்சிப்பகுதி. ஆர்மகான் பண்டகசாலை இயங்கிக்கொண்டிருந்த 1632ஆம் ஆண்டில், இதே கரையில் வடக்கே இருந்த பெட்டப்போலி, அதாவது இன்றைய நிஜாம்பட்டினம், பண்டகசாலையில் இருந்த காலி என்ற வணிகருக்கு ராபர்ட் ஆடம்ஸ் என்ற கம்பெனி ஆள் ஒரு கடிதம் எழுதினார். இந்த முறையில் கலந்த ‘பஞ்ச்’ என்ற பானத்தின் பெயர் எழுத்தில் காணப்படுவது, அறிந்தவரை, அந்தக் கடிதத்தில்தான் முதன்முறை.

பெயரை அடுத்துச் செய்முறையும் ஏடுகளில் ஏறியது. 1638இல் சூரத்துக்கு வந்த ஜெர்மானியப் பயணி மண்டெல்ஸ்லோ, சாராயம், பன்னீர், எலுமிச்சைச் சாறு, சர்க்கரை சேர்ந்த ஒரு கலவையை ஆங்கிலேயர் குடித்ததாகக் குறித்தார். 1660களில் வங்காளத்தைக் கண்ட பெர்னியர், வெல்லச் சாராயத்தோடு எலுமிச்சை, நீர், கொஞ்சம் சாதிக்காய் என்று எழுதி, குடிக்க இனிது, உடம்புக்குக் கேடு என்றும் எச்சரித்தார். ஆங்கிலேயர் இப்படிக் கலந்து குடித்ததற்குக் காரணமும் தெளிவு. கப்பலில் வந்த பியரும் ஒயினும் வெப்பத்தில் கெட்டன. உள்ளூரில் கிடைத்தது பனங்கள்ளிலும் வெல்லத்திலும் வடித்த சாராயம். அதன் முரட்டுச் சுவையை ஆற்றத் தேவையான எலுமிச்சையும் சர்க்கரையும் இங்கே மலிவு. இன்றும் கூடூர் என்றால் எலுமிச்சைச் சந்தை. சித்தூர் வட்டாரம் என்றால் கரும்பும் வெல்லமும்.

இதை மறுப்பவர்கள் மூன்று கேள்விகள் கேட்கலாம். பஞ்ச் என்பது ‘பஞ்ச’ என்ற ஐந்திலிருந்துதான் வந்ததா? 1670களில் இந்தியாவில் இருந்த மருத்துவர் ஃப்ரையர் அப்படித்தான் எழுதினார். மொழியறிஞர் சிலர், பழைய உச்சரிப்பு பொருந்தவில்லை, பீப்பாயைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் குறுக்கமாக இருக்கலாம் என்கிறார்கள். அவர்கள் சொல்வது சரியாகவே இருக்கட்டும். பெயர் பறிபோனாலும் பண்டங்கள் பறிபோவதில்லை. கலந்த கை ஆங்கிலக் கை அல்லவா? ஆம், இதை ஊர்மக்கள் குடித்ததாக நான் சொல்லவில்லை. ஆனால் ஸ்ரீராமநவமிக்கு வெல்லம், சுக்கு, ஏலம், மிளகு, எலுமிச்சை சேர்த்துப் பானகம் கரைக்கும் நாட்டில், புளிப்பும் இனிப்பும் வாசனையும் ஒரே பாத்திரத்தில் கூடுவது அன்னியர் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டிய செய்தி அல்ல. ஜின் ஒல்லாந்து மரபில் வந்ததுதானே என்பது மூன்றாவது கேள்வி. அதுவும் உண்மையே. பஞ்ச் கப்பலேறி லண்டன் போனபோது சாராயத்தின் இடத்தில் பிராந்தியும் ரம்மும் பிறகு ஜின்னும் அமர்ந்தன. மற்ற நான்கும் இடம் மாறவில்லை. 1830களில் லண்டனின் காரிக் கிளப் சோடா சேர்த்த ஜின் பஞ்சுக்குப் பேர்போனது. லிம்மர்ஸ் ஓட்டல் பணியாளர் ஜான் காலின்ஸின் பெயரும் அத்தகைய ஒரு பஞ்சுக்கு ஒட்டிக்கொண்டது. 1876இல் ஜெர்ரி தாமஸின் அமெரிக்கக் கலவை நூலில் டாம் காலின்ஸ் அச்சேறியது. பத்துப் பேர் சுற்றி அமரும் பெரிய கிண்ணம் ஒருவர் கைக்கோப்பையாகச் சுருங்கியதுதான் இடையில் நடந்த மாற்றம்.

இந்த வரலாற்றை ஊர் மறந்ததற்குக் காரணம் உண்டு. அது இழிவான காரணமும் அல்ல. 1937இல் ராஜாஜி அரசு சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கியது. அடுத்த ஆண்டே அது சித்தூருக்கும் கடப்பைக்கும் வந்தது. 1990களின் தொடக்கத்தில் நெல்லூர் மாவட்டத்துத் துபகுண்டாவில் கிளம்பிய பெண்களின் சாராய எதிர்ப்பு ஆந்திர மாநிலத்தையே அசைத்தது. கூலி வீடு வந்து சேராத குடும்பங்களுக்கு இந்தப் பானத்தின் பூர்வீகம் பெருமைக்குரிய செய்தியாக இருக்க முடியாது. அவர்களின் போராட்டத்தை நான் முழு மனதோடு மதிக்கிறேன். ஆனால் ஒரு பண்டத்தை விலக்குவது வேறு, அதன் வரலாற்றை விட்டுக்கொடுப்பது வேறு. நாம் எழுதாமல் விட்டால், எலுமிச்சையும் சர்க்கரையும் விளைந்த கரைக்குத் துன்பத்தின் கணக்கு மட்டும் மிஞ்சும். கலந்த அறிவின் கணக்கு முழுவதும் லண்டன் விடுதிகளின் பேரில் ஏறிவிடும். இரண்டு கணக்கையும் சேர்த்து எழுதுவதே நேர்மை. அதற்கு ஒருவர் ஒரு சொட்டுகூடக் குடிக்க வேண்டியதில்லை.