முகம் பார்க்கும் வண்டி

எங்கள் மகள் பிறப்பதற்கு ஆறு வாரங்களுக்கு முன், கிழக்கு லண்டனில் ஒரு கடையில் நானும் மனைவியும் அம்மாவும் மூன்று சக்கரத் தள்ளுவண்டி ஒன்றைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தோம். முன்னால் ஒரு சக்கரம், பின்னால் இரண்டு. சைக்கிளுக்குப் போடுவதுபோல் காற்றடைத்த டயர்கள். கைப்பிடியில் பிரேக். அம்மா மயிலாடுதுறையிலிருந்து வந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. அவளுக்குத் தள்ளுவண்டி என்றால் வேர்க்கடலையும் இட்லியும் விற்கும் வண்டி. இதைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு குனிந்து இருக்கையைப் பார்த்தாள்.

"ஏண்டா, பிள்ளை அந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தா, நீ யாரோட பேசிட்டுப் போவ?"

நான் ஐ.டி. ஆலோசகன். எதையும் எக்செல் அட்டவணையாக்கிவிடும் பழக்கம் உண்டு. எடை, மடித்தால் வரும் அகலம், டயர் அளவு, விலை, காரின் டிக்கியில் அடங்குமா என்று பதினான்கு பத்திகள் போட்டிருந்தேன். குழந்தையின் முகம் எந்தப் பக்கம் என்பதற்கு ஒரு பத்தி இல்லை. அன்று நாங்கள் எதையும் வாங்காமல் திரும்பினோம். அடுத்த சில வாரங்கள் இரவில் உட்கார்ந்து இந்த வண்டியின் வரலாற்றைப் படித்தேன். அம்மா கேட்ட கேள்வியை லண்டன் நெடுங்காலமாக வெவ்வேறு விதமாகக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறது என்பது அப்போதுதான் தெரிந்தது.

இங்கிலாந்தில் குழந்தைக்கென்று செய்யப்பட்ட வண்டிகளில் பெயர்பெற்ற முதல் வண்டியை வடிவமைத்தவர் வில்லியம் கென்ட். தோட்டக் கலைஞர், கட்டடக் கலைஞர். 1733-இல் டெவன்ஷர் பிரபுவின் பிள்ளைகளுக்காகச் சிப்பி வடிவில் அதைச் செய்தார். ஆடோ சின்னக் குதிரையோ இழுக்க வேண்டும். பெரியவர்களின் சாரட்டைச் சுருக்கிய விளையாட்டுப் பொருள் அது. குழந்தையை வெளியே கொண்டுபோகும் சாதனம் என்று சொல்ல முடியாது. அதன்பின் நூறாண்டுக்கு மேல் குழந்தை வண்டி என்றால் இழுக்கும் வண்டிதான். இழுப்பவர் முன்னே போவார், பிள்ளை பின்னே வரும். பிள்ளைக்குத் தெரிவது இழுப்பவரின் முதுகு.

1850-களின் தொடக்கத்தில் இது மாறியது. சார்ல்ஸ் பர்ட்டன் என்பவர் பின்னாலிருந்து தள்ளும் வண்டிக்கு 1853-இல் காப்புரிமை பெற்று, லண்டன் நியூ ஆக்ஸ்ஃபோர்ட் தெருவில் விற்றார். அந்த வண்டிக்கு மூன்று சக்கரம். நான் கடையில் பார்த்ததைப் போலவே முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு. 1984-இல் வந்த புதுமை என்று விற்கப்படுவது உண்மையில் விக்டோரியா காலத்துச் சரக்கு.

ஏன் மூன்று? 1835-ஆம் ஆண்டின் நெடுஞ்சாலைச் சட்டம் நடைபாதையில் வண்டி ஓட்டுவதைக் குற்றமாக்கியிருந்தது. நான்கு சக்கரம் இருந்தால் அது வண்டிக் கணக்கில் சேர்ந்துவிடும், மூன்று இருந்தால் தப்பிக்கலாம் என்ற நினைப்பில்தான் மூன்று சக்கரம் நிலைத்தது என்று பிராம் வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். அதற்கும் மேல் ஒரு பொறியியல் காரணம் உண்டு. நான்கு கால் மேசை ஆடும், முக்காலி ஆடாது. கல் பாவிய மேடுபள்ளத் தெருவில் மூன்று சக்கரமும் எப்போதும் தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும். ஆனால் வேகமாகத் திருப்பினால் சாய்ந்துவிடும் அபாயமும் மூன்றுக்குத்தான் அதிகம். இன்றும் ஓடும்போது முன்சக்கரத்தைத் திரும்பாமல் பூட்டச் சொல்வது அதனால்தான்.

பர்ட்டனின் வண்டிக்கு வைத்த பெயர் பெராம்புலேட்டர். அதைச் சுருக்கித்தான் பிராம் என்கிறோம். இந்தச் சொல் லண்டனில் குழந்தையைச் சுமக்கத் தொடங்குவதற்கு முன்பே இந்தியாவில் உழைத்துக்கொண்டிருந்தது. சாலைகளின் தூரத்தை அளக்க நில அளவையர்கள் உருட்டிச் சென்ற ஒற்றைச் சக்கரக் கருவிக்கும் பெராம்புலேட்டர் என்றுதான் பெயர். 1802-இல் வில்லியம் லாம்டன் பரங்கிமலை அருகே சங்கிலியால் அடிக்கோடு அளந்து பெரும் முக்கோண அளவையைத் தொடங்கிய காலத்தில், கம்பெனியின் அளவையர்கள் நம் ஊர்ச் சாலைகளில் அந்தச் சக்கரத்தைத்தான் தள்ளிக்கொண்டு போனார்கள். ஊரை அளந்த சக்கரத்தின் பெயர் பிறகு பிள்ளைக்கு வந்தது.

பர்ட்டனின் வண்டியில் குழந்தை முன்பக்கம் பார்த்து உட்கார்ந்தது. தள்ளுபவருக்குத் தெரிந்தது குழந்தையின் தொப்பி மட்டும். கைக்குழந்தையைப் படுக்க வைக்கவும் அது தோதான வண்டி அல்ல. நூற்றாண்டின் பிற்பகுதியில் வண்டி படகுபோல நீண்டது, நான்கு சக்கரமானது, குழந்தை தள்ளுபவரைப் பார்த்துப் படுத்தது. 1877-இல் லீட்ஸில் வில்லியம் வில்சன் தொடங்கிய சில்வர் கிராஸ் நிறுவனம் இந்த வகை பிராம்களால்தான் பிற்பாடு பெயர் பெற்றது. கென்சிங்டன் தோட்டத்தில் சீருடை ஆயாக்கள் தள்ளிக்கொண்டு போகும் பழைய படங்களில் இருப்பவை அவை.

எந்தப் பக்கம் என்று ஒருவர் முடிவாகத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை என்று காட்டியவர் வில்லியம் ரிச்சர்ட்சன். அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்துக் கறுப்பினத்தவர். 1889 ஜூனில் அவர் பெற்ற காப்புரிமையின்படி, படுக்கையைச் சுழற்றித் தள்ளுபவரைப் பார்த்தும் வைக்கலாம், தெருவைப் பார்த்தும் வைக்கலாம். சக்கரங்கள் தனித்தனியாகச் சுழன்றதால் சின்ன இடத்திலும் வண்டியைத் திருப்ப முடிந்தது. இன்று கடையில் பெருமையாகச் சொல்லி விற்கும் வசதி அது.

இந்த இடத்தில் லண்டன் ஹாக்னியில் ஒரு வீட்டைச் சொல்ல வேண்டும். கிங் எட்வர்ட்ஸ் சாலை, 26-ஆம் எண். 1900-இலிருந்து அங்கே 'ஆயாக்கள் இல்லம்' இயங்கியது. இந்தியாவிலிருந்து கப்பலில் திரும்பும் ஆங்கிலக் குடும்பங்கள் வழியில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆயாக்களை அழைத்து வந்தன. இங்கே வந்து சேர்ந்ததும் பலரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டன. ஊர் திரும்பக் காசில்லாமல் நின்ற பெண்கள் இன்னொரு குடும்பம் கப்பல் ஏறும்வரை தங்கிய இடம் அது. 2022 ஜூனில் அந்த வீட்டில் நீலப் பலகை பதித்தார்கள். ஒரு சனிக்கிழமை பேருந்தில் போய்ப் பார்த்தேன். சாதாரண வீடு. தெருவில் யாரும் நின்று பார்ப்பதில்லை.

அந்தப் பெண்களைப் பற்றி ஒரு விஷயம் நன்றாகப் பதிவாகியிருக்கிறது. அவர்கள் வளர்த்த ஆங்கிலப் பிள்ளைகள் பலருக்கு முதலில் வாயில் வந்தது ஆங்கிலம் அல்ல, ஆயாவின் மொழி. பெற்றோர்கள் அதற்காகக் கவலைப்பட்டார்கள். பிள்ளையின் முகத்துக்கு நேரே நாள் முழுக்க யார் முகம் இருந்ததோ அவர் மொழி பிள்ளைக்கு வந்தது. அதற்குப் பாடநூல் தேவைப்படவில்லை, ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பள்ளியும் தேவைப்படவில்லை. அந்த வீட்டின் முன் நிற்கும்போது அம்மாவின் கேள்வி எனக்கு முழுதாகப் புரிந்தது. அவள் பேச்சுத்துணையைப் பற்றிக் கேட்கவில்லை. பிள்ளைக்கு யார் மொழி வரும் என்று கேட்டிருக்கிறாள்.

மீதிக் கதை சுருக்கமானது. 1965-இல் ஓவன் மக்லாரன் குடைபோல மடியும் தள்ளுவண்டிக்குக் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் இறங்கு சக்கர அமைப்பில் பணியாற்றிய பொறியாளர். மகள் பேரப்பிள்ளையோடு பெரிய வண்டியைத் தூக்கித் திண்டாடுவதைப் பார்த்துச் செய்தது. அலுமினியக் குழாய்கள், மூன்று கிலோவுக்கும் குறைவான எடை. லண்டன் தாய்மாருக்கு இது விடுதலை. பின்வாசலில் படி வைத்த பழைய ரூட்மாஸ்டர் பேருந்தில் ஏற வேண்டுமானால் ஒரு கையில் பிள்ளை, மறு கையில் மடித்த வண்டி. 2005-இல் ரூட்மாஸ்டர்கள் வழக்கமான தடங்களிலிருந்து விலகி, தாழ்தளப் பேருந்துகள் வந்த பிறகுதான் மடிக்காமல் ஏற முடிந்தது. அதுவும் சக்கர நாற்காலிக்கான இடத்தில். சக்கர நாற்காலியில் ஒருவர் வந்தால் அந்த இடம் அவருக்குத்தான் முதலில். நகர மறுப்பவரிடம் ஓட்டுநர் ஒருமுறை கேட்டுவிட்டுச் சும்மா இருந்துவிடக் கூடாது என்று 2017-இல் உச்ச நீதிமன்றமும் சொன்னது. ஆகவே இன்றும் லண்டனில் வண்டி சட்டென்று மடிய வேண்டும். என் அட்டவணையில் அந்தப் பத்தி இருந்தது நல்லதுதான்.

ஆனால் மக்லாரனின் வண்டியில் குழந்தை மறுபடி தெருவைப் பார்த்தது. எடை குறைய வேண்டுமென்றால் இருக்கை ஒரே திசையில்தான். 1984-இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஃபில் பேக்லர் மகனையும் கூட்டிக்கொண்டு ஓடுவதற்காக சைக்கிள் சக்கரங்கள் பூட்டிய மூன்று சக்கர வண்டியைச் செய்தார். முக்காலிக் கணக்கு திரும்பி வந்தது. தெருவைப் பார்க்கும் முகமும் கூடவே வந்தது.

2008-இல் டண்டீ பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் சூசன் ஸீடிக் பிரிட்டன் தெருக்களில் தள்ளுவண்டிகளைக் கவனிக்க வைத்து ஓர் ஆய்வு வெளியிட்டார். தங்களைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் குழந்தையிடம் பெற்றோர் ஏறக்குறைய இரண்டு மடங்கு பேசினார்கள். அதனால் பிள்ளை எதிர்காலத்தில் மேதையாகும் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. யார் யாரோடு பேசினார்கள் என்பதைத்தான் எண்ணியது. எனக்கு அது போதுமானதாக இருந்தது. இந்த ஊரில் தெருவைப் பார்க்கும் குழந்தைக்கு ஆங்கிலம் எப்படியும் வரும். தமிழ் வர ஒரே வழி எங்கள் இருவர் முகம்தான். அம்மாவின் விசா ஆறு மாதம்.

இதையெல்லாம் ஓர் இரவு அம்மாவிடம் சொன்னேன். அவள் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "நம்ம ஊர்லயும் மூணு சக்கரம் உண்டுடா. நடைவண்டி. அதைப் பிள்ளை தள்ளும். இங்க பிள்ளையைத் தள்ளுறாங்க."

உண்மைதான். அதற்கு ஈராயிரம் ஆண்டுப் பழமையும் இருக்கிறது. எங்கள் ஊரிலிருந்து பூம்புகார் கிட்டத்தட்ட 25 கிலோமீட்டர். அந்தக் காவிரிப்பூம்பட்டினத்தைப் பாடும் பட்டினப்பாலையில், காயப் போட்ட தானியத்தைத் தின்ன வரும் கோழியை விரட்டப் பெண்கள் காதணியைக் கழற்றி எறிகிறார்கள். கீழே விழுந்த பொன் குழை, பிள்ளைகள் குதிரையில்லாமல் உருட்டி விளையாடும் சிறு தேரின் வழியை மறிக்கிறது. அந்தத் தேருக்கும் மூன்று கால். பட்டினத்தின் செல்வத்தைச் சொல்ல வந்த இடம் என்று பள்ளியில் படித்தேன். இப்போது எனக்கு அதில் வேறொன்றும் தெரிகிறது. பிள்ளை தேரை உருட்டிக்கொண்டிருக்கிறது, பெண்கள் குரல் கேட்கும் தொலைவில் முற்றத்தில் இருக்கிறார்கள். நம் ஊரில் பிள்ளையைச் சுமக்க வண்டி தேவைப்படாததற்குக் காரணம் ஏழ்மை மட்டுமல்ல. இடுப்புகள் நிறைய இருந்தன. பாட்டி, அத்தை, சித்தி, பக்கத்து வீட்டு அக்கா. இங்கே எங்கள் வீட்டில் இரண்டு இடுப்பு. ஒன்று பிரசவத்தில் களைத்தது. இன்னொன்றுக்கு டிஸ்க் வலி.

கடைசியில் மூன்று சக்கரம்தான் வாங்கினோம். இருக்கையை இரண்டு பக்கமும் திருப்பலாம். எடை அதிகம், விலையும் அதிகம். அட்டவணையில் நான்காவதாக வந்தது அது. ஆறு மாதம் ஆகும்வரை குழந்தையை வைத்துக்கொண்டு ஓடக் கூடாது என்று கையேட்டில் எழுதியிருந்தது. நான் எப்போதுமே ஓடவில்லை.

மகளுக்கு நாலு மாதம் ஆனபோது அம்மா ஊருக்குப் போனாள். ஹீத்ரோவில் வண்டியின் முன் குனிந்து, பேத்தியின் முகத்துக்கு நேரே வைத்து என்னவோ சொல்லிக்கொண்டே இருந்தாள். கூப்பிட்டதும் நிமிர்ந்து, என்னைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள்.

அதன் பிறகு வேலை முடிந்ததும் தினமும் வான்ஸ்டெட் ஃப்ளாட்ஸ் புல்வெளிக்கு மகளைத் தள்ளிக்கொண்டு போனேன். ஈர மண்ணில் அந்த டயர்கள் நன்றாக ஓடும். என்னைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். முதல் வாரம் எனக்கு என்ன பேசுவதென்றே தெரியவில்லை. அலுவலகத்தில் ஆங்கிலம், வீட்டில் மனைவியோடு பாதிக்குப் பாதி; தமிழில் அரை மணி நேரம் தொடர்ந்து பேசி எத்தனை வருடம் ஆயிற்று! பார்ப்பதையெல்லாம் சொல்லத் தொடங்கினேன். மரம், நாய், மேகம், சைக்கிள்காரர். பெயர் தெரியாத பறவையை 'பறவை' என்று மட்டும் சொன்னேன். பத்தாவது மாதம் ஒரு மாலை, என் தோளுக்கு மேலே எதையோ பார்த்துக் கை நீட்டி 'கா... கா...' என்றாள். திரும்பிப் பார்த்தேன். வேலிக் கம்பத்தில் காகம். இரவு அம்மாவை வாட்ஸாப்பில் கூப்பிட்டுச் சொன்னேன். "அது காக்கா கத்துறதைக் கேட்டுச் சொல்லியிருக்கும்டா," என்றாள். ஆனால் இன்னொரு முறை சொல்லச் சொன்னாள்.

இப்போது அவளுக்கு ஒன்றரை வயது. என் முகம் சலித்துவிட்டது. தெருவைப் பார்க்க வேண்டும் என்று முதுகை வளைத்து அழுகிறாள். போன மாதம் இருக்கையைக் கழற்றித் திருப்பிப் போட்டேன். தொப்பி மட்டும் தெரிகிறது. சிக்னலில் நிற்கும்போதெல்லாம் முன்னால் போய்க் குனிந்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் திரும்பி வருகிறேன்.