காலாண்டுக் கணக்கும் ஒரு கழுத்து நரம்பும்

காமர்ஸ் படிக்கிறவனுக்கு நரம்பைப் பற்றி என்ன எழுத்து என்று வகுப்பு நண்பர்கள் கேட்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள், கடைசியில் கணக்கில்தான் வந்து நிற்கப் போகிறேன் :)

வலிப்பு நோய் உள்ளவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மாத்திரைகளால் வலிப்பு முழுதாக நிற்பதில்லை. இவர்களுக்காக வந்த வைத்தியங்களில் ஒன்று வேகஸ் நரம்புத் தூண்டல். மூளையின் அடியிலிருந்து கழுத்து வழியாக இதயம், வயிறு வரை போகிற நரம்புதான் வேகஸ்.

கதை 1880களில் நியூயார்க்கில் தொடங்குகிறது. மூளைக்கு ரத்தம் அதிகமாகப் பாய்வதால்தான் வலிப்பு வருகிறது என்று நம்பினார் ஜேம்ஸ் கார்னிங் என்ற நரம்பு மருத்துவர். கழுத்து ரத்தக்குழாயை அழுத்த முள்கரண்டி மாதிரி ஒரு கருவி செய்தார். பிறகு தோலுக்கு மேலிருந்தே வேகஸ் நரம்புக்கு மின்சாரமும் கொடுத்துப் பார்த்தார். மற்ற மருத்துவர்கள் இதை ஏற்கவில்லை. எல்லோரும் மறந்தே போனார்கள். அவர் சொன்ன காரணம் தப்பு, ஆனால் கை வைத்த இடம் சரி!

1938-ல் பெய்லி, ப்ரீமர் இருவரும் பூனைகளுக்கு வேகஸ் நரம்பைத் தூண்டினால் மூளையின் மின்னலைகள் மாறுவதைக் கண்டார்கள். 1985-ல் ஃபிலடெல்ஃபியாவில் ஜேக்கப் ஜபாரா, நாய்களுக்கு வரவழைத்த வலிப்பை இதே வழியில் நிறுத்திக் காட்டினார். 1988-ல் அமெரிக்காவின் வின்ஸ்டன்-சேலம் நகரில் முதன்முதலாக ஒரு மனிதருக்குக் கருவி பொருத்தப்பட்டது. இடது மார்பின் மேல்புறம் தோலுக்கடியில் பேட்டரியோடு ஒரு சிறு பெட்டி, அங்கிருந்து கழுத்து நரம்புக்கு ஒரு கம்பி. வழக்கமாக 30 நொடி தூண்டும், 5 நிமிடம் சும்மா இருக்கும். இரவும் பகலும் இப்படியே.

இனி கணக்கு. 1997-ல் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. அனுமதி கொடுத்தது. அதற்கு ஆதாரமான முக்கியச் சோதனைகள் சுமார் மூன்று மாதம்தான் பார்த்தன. முழு அளவு தூண்டல் பெற்றவர்களுக்கு வலிப்பு சராசரியாக 24 முதல் 28 சதவீதம் குறைந்தது. பேருக்குக் கொஞ்சம் பெற்றவர்களுக்கு 6 முதல் 15. 'இவ்வளவுதானா?' என்று தோன்றும். ஆனால் காலாண்டு முடிவை மட்டும் பார்த்து ஒரு கம்பெனியை எடைபோடலாமா?

1999-ல் வெளியான ஆய்வு 454 பேரைத் தொடர்ந்து பார்த்தது. வலிப்பு பாதியோ அதற்கு மேலோ குறைந்தவர்கள் முதல் வருடம் சுமார் 37 சதவீதம், மூன்றாம் வருடம் சுமார் 43. 2011-ல் இன்னொரு ஆய்வு. பத்து வருடத்துக்கு மேல் கருவியோடு இருந்த 65 பேருக்கு வலிப்பு சராசரியாகச் சுமார் 75 சதவீதம் குறைந்திருந்தது!

கைதட்டும் முன் ஒரு நிமிடம். பலன் கிடைக்காதவர்கள் இடையிலேயே கருவியை நிறுத்தியிருப்பார்களே? வராக்கடனையெல்லாம் எடுத்துவிட்டு லாபம் காட்டினால் எந்தப் பேலன்ஸ் ஷீட்டும் அழகாகத்தான் இருக்கும். போதாததற்கு, அந்த வருடங்களில் மருந்துகளும் மாறியிருக்கும். ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழுவும் கிடையாது.

அதனால் நான் போட்ட கணக்கு இதுதான். மூன்று மாதத்தில் பலன் இல்லை என்று கைவிடுவது அவசரம். எல்லோருக்கும் 75 கிடைக்கும் என்று நம்புவது ஏமாற்றம். வலிப்பு முழுதாக நின்றவர்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை. குரல் கரகரக்கும், சில வருடங்களுக்கு ஒருமுறை பேட்டரி மாற்ற அறுவை சிகிச்சையும் உண்டு. ஆனாலும் 1999 ஆய்வில் மூன்று வருடம் கழித்தும் நான்கில் மூன்று பேருக்குச் சற்றே குறைவானவர்கள் கருவியைத் தொடர விரும்பினார்கள். மாதம் பத்து தடவை விழுந்தவருக்கு அது ஐந்தாகக் குறைந்தால், அந்த ஐந்தின் மதிப்பு அவருக்குத்தானே தெரியும்?